காலை ரயிலுக்கு ஏற்ற மருந்து

பெருங்களத்தூரில் மின்ரயில் நின்றிருந்தபோது எஸ்தர் அக்காவின் கணவர் ஜெயசீலன் சார் அழைத்தார். "எஸ்தர் போயிட்டாம்மா. ஆபரேஷன் பண்ணியும் பிழைக்கல" என்றார். அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பினேன்.

நான் வேலை பார்க்கும் காட்டாங்குளத்தூர்க் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்த எஸ்தர் அக்காவோடு பல ஆண்டுகள் ஒரே ரயிலில் போய்வந்தேன். துறைத்தலைவர் தேர்ச்சி விகிதத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டால், "எதோட ஒப்பிட்டுச் சொல்றீங்க, சார்?" என்று அமைதியாகக் கேட்பார்.

பெருங்குடலில் புண் வந்து ரத்தம் போனபோது நோயையும் அப்படித்தான் விசாரித்தார். மெசலமின் மாத்திரையோடு, அதே மருந்தை இரவில் எனிமாவாகவும் எடுக்கச் சொன்னார் மருத்துவர். மாத்திரை மட்டும் போடுவதைவிட அது நன்றாகக் கேட்கும் என்றார். ஆய்வுகளைப் படித்துப் பார்த்த அக்கா, மருத்துவர் சொல்வது சரிதான் என்றார். ஆனால் எனிமாவை வாங்கவே இல்லை. மாமியாரும் மகளும் அவரும் படுப்பது ஒரே அறையில். "அத்தை பக்கத்துல படுத்துக்கிட்டு இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சிரித்தார்.

நோய் கிளம்பும்போதெல்லாம் ஸ்டீராய்டுதான். சில நாட்களில் ரத்தம் நின்றுவிடும். அது நெருக்கடிக்கு மட்டுமே, நோயை நீடித்து அடக்கும் ஊசிக்கு மாறுங்கள் என்றார் மருத்துவர். செமஸ்டர் முடியட்டும் என்றார் அக்கா. முடிந்தது, அடுத்தது தொடங்கியது. இடையில் பழைய சீட்டைக் காட்டி அவரே ஸ்டீராய்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். முகம் உப்பியதைப் பார்த்து, "நல்லா சதை போட்டுட்டீங்க, சிஸ்டர்" என்று சபைப் பெண்கள் மகிழ்ந்தார்கள்.

ஏன் தள்ளிப்போடுகிறீர்கள் என்று நான் ஒருமுறை சற்றுக் கடுமையாகவே கேட்டேன்.

"மின்ரயில்ல டாய்லெட் இல்ல. எது என்னைச் சீக்கிரம் ரயிலேத்துதோ, அதுதான் எனக்கு நல்ல மருந்துப்பா."

மருந்துகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. அளவுகோலாகக் காலை ரயிலை வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. விடுப்புக் கேட்டால் காரணத்தை நான்கு பேர் முன்னால் சொல்ல வேண்டிய கல்லூரி எங்களுடையது.

இந்த முறை ஸ்டீராய்டு பலன் தரவில்லை. நரம்பு வழியே ஏற்றியும் அடங்காமல் பெருங்குடலையே எடுத்தார்கள். தொற்று பரவிவிட்டது.

பீர்க்கன்கரணை வீட்டில், பெட்டியருகே அவருடைய மாமியார் உட்கார்ந்திருந்தார். எனிமாவைப் பற்றி மருத்துவமனையில் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஹால்ல படுத்திருக்க மாட்டேனா?"

அக்கா மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி அது. அந்த அம்மா சேலைத் தலைப்பால் மருமகளின் கன்னத்தை மெல்லத் துடைத்துவிட்டார்.

போய்வாருங்கள், அக்கா.