லாயத்தில் ஒரு கும்பிடு

கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் மாமியாரை இன்று புனேயில் ஒரு மியூசியத்துக்கு அழைத்துப் போனேன்.

பழைய மாளிகை வளாகம். பின்பக்கக் கட்டடத்தில் கருங்கல் தூண்கள், வரிசையாக வளைவுகள், குளுகுளுவென்று அரையிருட்டு.

மாமியார் வாசலிலேயே நின்றார். "மாப்ள, செருப்பக் கழட்டுங்க."

கழற்றினேன். எங்களைப் பார்த்து, பின்னால் வந்த மராத்திக் குடும்பமும் கழற்றியது.

உள்ளே சுவரோரம் நீளமாக ஒரு கல்தொட்டி. வீட்டுப் பூஜைக்கு வாங்கிப் பையில் வைத்திருந்த சாமந்தியில் ஒன்றை எடுத்து அதில் வைத்தார் மாமியார். கண்ணை மூடிக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அந்தக் குடும்பமும்!

காவலாளி ஓடி வந்தார். "ஆன்ட்டிஜி, இதர் கோடே பாந்த்தே தே!"

குதிரை லாயமாம். நாங்கள் கும்பிட்டது கொள்ளு வைக்கும் தொட்டியை.

சிரிப்பை அடக்க முடியாமல் மாமியாரிடம் சொன்னேன். அவர் அசரவே இல்லை.

"அதுக்கென்னுங்க மாப்ள, குதிரையும் சாமி வாகனந்தானுங்களே?"

வெளியே வந்தால், வாசலில் புதிதாக நாலைந்து ஜோடி செருப்பு. உள்ளே எட்டிப் பார்த்தேன். தொட்டியில் யாரோ ஒரு ரோஜாவும் வைத்திருந்தார்கள்.

தலபுராணம் எழுதத் தெரிந்தவர்கள் கமெண்டில் வரவும். பிரசாதம் கொள்ளுச் சுண்டல் என்று மாமியார் முடிவு செய்துவிட்டார்.