ஜன்னலோரத்துத் தேங்காய் மட்டை ஜெல்

போன திங்கட்கிழமை மாடி வீட்டுப் பெண் என்னிடம் 'முடியாது' என்றாள். எழுபத்தாறு வயதில், இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் வாயால் அந்த வார்த்தையைக் கேட்டால் எப்படி இருக்கும்? காது சுட்டது.

விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் மனைவி பத்மாவைத் தெரியும். அவளுக்கு ஸ்ட்ரோக் வந்ததையும், இடது கையும் காலும் விழுந்துபோனதையும் எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு... படுக்கைப் புண். முதுகெலும்பு முடிகிற இடத்தில். முதலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. எதையும் எண்ணாமல், அளக்காமல் விடாதவன் நான். இதை மட்டும் அளக்கவில்லை. டேப்பை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன்.

காற்றுப் படுக்கை வாங்கியாயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள் என்றார் டாக்டர். சொல்வது சுலபம். உதவிக்கு வரும் அம்மா பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் இன்னும் வரவில்லை. மகன் புனேயில் இருக்கிறான், வீடியோ காலில் வருகிறான். வீடியோ காலில் யாரையும் திருப்பிப் போட முடியாது.

இனி மாடி வீட்டுக் கதை. அங்கே ஜெனி என்ற பெண் குரோம்பேட்டையில் எம்.பார்ம். படிக்கிறாள். அவளுடைய ப்ராஜெக்ட் என்ன தெரியுமா? தேங்காய் மட்டை. நாம் தூக்கிப் போடுகிற மட்டையில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறதாம். அதைச் சாறாக எடுத்து, தோலில் தடவும் ஜெல்லாகச் செய்கிறாள். எங்கள் இரும்புலியூர் குடியிருப்பில் இரண்டு தென்னை மரங்கள். உரித்த மட்டையையெல்லாம் எடுத்து வைத்துக் கொடுத்தது நான்தான். இருபத்தெட்டு மட்டை. மொட்டை மாடியில் அவை காயும்போது தூறல் போட்டால் ஓடிப்போய் அள்ளியதும் நான்தான். ஆகவே அந்த ஜெல்லில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்திருந்தேன். நினைப்பதில் என்ன தப்பு?

திங்கட்கிழமை மாடிப்படியில் அவளைப் பிடித்தேன்.

"ஜெனி, உன் ஜெல்லு ஒரு டப்பா குடும்மா. ஆன்ட்டி புண்ணுக்குப் போட்டுப் பார்க்கறேன்."

"ஐயோ, முடியாது அங்கிள்!"

"ஏன்?"

"அது இன்னும் யார் மேலயும் போட்டுப் பார்க்கலை அங்கிள்."

"தேங்காய்தானேம்மா. தினம் சட்னி அரைச்சு சாப்பிடறோம்."

"சட்னியை யாரும் புண்ணுல வைக்கறதில்லையே அங்கிள்."

"காலேஜ்ல பரிசெல்லாம் குடுத்தாங்களே?"

"அது போஸ்டருக்குக் குடுத்தாங்க." பையைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். "ஒரு டியூப்ல ஊதா கலர்ல ஒரு கெமிக்கல் இருக்கும். என் மட்டைச் சாறை அதுல விட்டா ஊதா போயி மஞ்சளாகும். ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்குன்னு அர்த்தம். எனக்கு அவ்வளவுதான் தெரியும் அங்கிள். டியூப்ல தெரியும். தோல்ல தெரியாது. புண்ணுல... சுத்தமா தெரியாது."

கோபம் வந்தால் மனிதன் எவ்வளவு சின்னவனாகிறான் பாருங்கள்.

"அப்போ என் மட்டையைத் திருப்பிக் குடு," என்றேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

புதன்கிழமை. கட்டு மாற்ற வரும் நர்ஸ் கூடுவாஞ்சேரியிலிருந்து போன் செய்தார். "சார், லீவு முடிஞ்சி ஊரே திரும்பி வந்துகினு கீது. பெருங்களத்தூர் வரிக்கும் வண்டி நகராதுன்றாங்க. ஒரே பேஜார் சார். நாளிக்கு வரேன்." திங்கட்கிழமை வரவேண்டியவரும் இவர்தான். அறையில் ஒரு வாடை வர ஆரம்பித்திருந்தது. ஊதுவத்தி ஏற்றினேன். ஊதுவத்தியோடு சேர்ந்து அது வேறு மாதிரி ஆயிற்று.

அன்று மாலை நாலரை மணிக்கு ஜெனியின் அம்மா ஸ்டெல்லா டீச்சர் கீழே வந்தார். புடவைத் தலைப்புக்குள் ஒரு சின்னக் கண்ணாடி ஜாடி.

"அண்ணா, அவ சின்னப் பொண்ணு, பெரியவங்க கிட்ட பேசத் தெரியாது. மனசுல வச்சுக்காதீங்க."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. லேப்ல ரிப்பேர் வேலை நடக்குதுன்னு எல்லாத்தையும் வீட்டுக்குக் கொண்டாந்துட்டா. ஃபிரிட்ஜ்ல இருக்கறதை எண்ணி வச்சிருக்கா, அதுல கை வைக்க முடியாது. இது வெளிய, ஜன்னல் ஓரமா இருந்துச்சு. எக்ஸ்ட்ரா போல. ஜெபம் பண்ணிட்டுத்தான் எடுத்தேன் அண்ணா."

நம் ஊரில் இது ஒரு வியாதி. வயதானவர் ஒன்று கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் வீடு முழுவதும் தூக்கம் போய்விடும். எதையாவது கொண்டுவந்து கொடுத்தால்தான் ஆறுதல். எதை என்பது அப்புறம்.

"ட்யூஷன் பசங்க வந்துட்டாங்க. ஆறு மணிக்கு வந்து பிடிச்சுக்கறேன், தடவிடலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் வேறு வழியில்லை. பத்மாவைத் திருப்பிப் பிடிக்க ஓர் ஆள், தடவ ஓர் ஆள் வேண்டும்.

ஜாடியை அவள் தலைமாட்டில் வைத்தேன்.

"என்னது அது?" என்றாள். அவள் பேச்சு கொஞ்சம் குழறும். எனக்குப் புரியும்.

"மருந்து. ஜெனி பண்ணினது."

"அவதான் தரமாட்டேன்னாளே? விழுந்தது கையும் காலும்தான். காது நல்லாத்தான் இருக்கு."

"அவ அம்மா குடுத்தாங்க."

விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி கிறீச்சென்றது.

"தடவுங்க," என்றாள். "உங்களுக்கு நிம்மதின்னா தடவுங்க."

மூடியைத் திறந்து பார்த்தேன். பழுப்பாக, பளபளவென்று இருந்தது. தண்ணீரில் ஊறிய மட்டை வாடை. இயற்கைப் பொருள் இல்லையா, அப்படித்தான் இருக்கும் என்று மூடினேன்.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் கதவை யாரோ அறைந்தார்கள். தட்டவில்லை, அறைந்தார்கள். ஜெனி. தோளில் காலேஜ் பை, நெற்றியெல்லாம் வேர்வை.

"அங்கிள், கீழேருந்தே பார்த்தேன், ஜன்னல்ல ஜாடியைக் காணோம். தடவிட்டீங்களா?"

"இல்லம்மா, உங்க அம்மா வந்ததும்..."

அவள் உள்ளே ஓடினாள், ஜாடியை எடுத்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"இதுல கெட்டுப்போகாம இருக்கறதுக்கு எதுவுமே சேர்க்கலை அங்கிள். எப்போ கெட்டுப்போகுதுன்னு பார்க்கத்தான் வெயில்ல வச்சிருந்தேன். கெட்டுப்போறதுதான் இதோட வேலை."

மூடியைத் திறந்து விளக்கின் பக்கம் சாய்த்தாள். விளிம்புக்கு அடியில் சாம்பல் நிறத்தில் நூல் நூலாக ஏதோ. பூஞ்சை. ஒரு கண்ணில்தான் எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. முன்பு திறந்து பார்த்தபோது இரண்டு கண்ணுக்கும் அது தெரியவில்லை. திறந்த புண்ணில் அதைத் தடவியிருந்தால்?  

ஸ்டெல்லா டீச்சர் சொன்னபடி வந்தார். மகளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஜெனி... அண்ணா ஆசையா கேட்டாரேன்னு..."

"மம்மி, ப்ளீஸ், நீ பேசாத."

அந்த நேரத்திலும் எனக்கு வெட்கம் இல்லை. கேட்டேன்.

"ஃபிரிட்ஜ்ல இருக்கறது நல்லதுதானேம்மா?"

"நல்லதுதான் அங்கிள்."

"அப்போ அதுல கொஞ்சம்...?"

"அது ஆன்ட்டிக்கு என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது அங்கிள்."

"பின்ன இதெல்லாம் யாருக்கும்மா பண்ற?"

கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

"எல்லாம் சரியா வந்தா... இன்னும் சில வருஷம் கழிச்சு... வேற யாராவது ஒரு ஆன்ட்டிக்கு."

ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஹாரன் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அடுத்துப் பேசியது பத்மாதான்.

"அந்த ஆன்ட்டி வரும்போது வரட்டும். இந்த ஆன்ட்டியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்க. எரியுது."

மூன்று பேரும் சேர்ந்து திருப்பினோம். பழைய கட்டு நழுவியிருந்தது. ஜெனி முதல் தடவையாக அந்தப் புண்ணைப் பார்த்தாள்.

இதுவரை அதைப் பார்த்தவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் ஒரு மருந்தின் பெயர் சொன்னார்கள். கூடவே, பத்மாவின் காதில் விழும்படி, "ஆறிட்டு வருது" என்றும் சொன்னார்கள். பத்மாவால் அதைப் பார்க்க முடியாது. அவள் உடம்புதான், ஆனால் அவள் மட்டும் பார்த்ததில்லை.

"ஜெனி, நீ படிச்சவ," என்றாள் சுவர்ப் பக்கம் முகம் வைத்தபடி. "எப்படிடி இருக்கு?"

நான் கண்ணைக் காட்டினேன். ஸ்டெல்லா டீச்சர் மகளின் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

"பெருசா இருக்கு ஆன்ட்டி," என்றாள் ஜெனி. "ஆழமாவும் இருக்கு. நர்ஸுக்காகக் காத்திருக்காதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

பத்மா கண்ணை மூடிக்கொண்டாள். "ம். நானும் அப்படித்தான் நினைச்சேன்."

தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். புண்ணை வெட்டிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். மேற்கொண்டு எதுவும் சொல்வதற்கில்லை என்கிறார் டாக்டர். ஆறுமா என்று அவருக்கும் தெரியாதாம். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை.

ஒன்றுதான் உறுத்துகிறது. இத்தனை மாதமாக "ஆறிட்டு வருது" என்று நான் சொன்னபோதெல்லாம் "அப்படியா, நல்லது" என்று சொன்னாளே... அவள் என்னைத் தேற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.