பன்னிரண்டாம் நம்பர் காற்றும் குமுளி மலைப்பாதையும்

போன ஆனி மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நானும் என் மனைவி சாந்தியும் மதுரையிலிருந்து சுருளிப்பட்டிக்குக் கிளம்பினோம். கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில்தான் அவள் தங்கை விஜயா வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஒரு பையில் துணிமணி, இன்னொரு பையில் சீபாப் மெஷின். இந்த இரண்டாவது பைக்காகத்தான் பயணமே.

எனக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. குறட்டை விட்டுக்கொண்டே இருப்பேனாம், திடீரென்று சத்தம் அடங்கிவிடுமாம், சாந்தி காலால் ஓர் உதை விட்டால்தான் மறுபடி இழுப்பேனாம். பல வருஷமாக அவளுடைய ராத்திரி வேலை இது. டாக்டர், மூக்கில் மாட்டி காற்றை உள்ளே தள்ளும் மெஷினை ஒரு மாத வாடகைக்கு எடுக்கச் சொன்னார். எட்டு என்ற அழுத்தத்தில் எப்படியோ பழகிவிட்டேன். ஆனால் மெஷினில் பதிவானதைப் பார்த்த டாக்டர், "எட்டு பத்தலை, இன்னும் மூச்சு நிக்குது" என்று பன்னிரண்டுக்கு ஏற்றினார். அங்கே பிடித்தது சனி.

பன்னிரண்டில் மூச்சை இழுப்பது சுலபம், விடுவதுதான் பெரும்பாடு. ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலில் முகத்தை நீட்டிக்கொண்டு மூச்சு விட்டுப் பாருங்கள், புரியும். எடுத்த எடுப்பில் பன்னிரண்டு வராது என்பது உண்மைதான். ராம்ப் என்று ஒரு வசதி இருக்கிறது. நாலில் தொடங்கி இருபது நிமிடத்தில் மெல்ல ஏறும். நானோ படுத்தபடி அந்தச் சின்னத் திரையையே முறைத்துக்கொண்டிருப்பேன். பத்தைத் தாண்டியதும் நெஞ்சு படபடக்கும், மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிடுவேன். "இதயம் எத்தனை நாளைக்குத் தாங்கும்னு நினைக்கிறீங்க?" என்று டாக்டர் கோபித்துக்கொண்டார். போங்கய்யா நீங்களும் உங்க மெஷினும் என்று, திங்கட்கிழமை வாடகை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க முடிவு கட்டியிருந்தேன்.

"மூணு நாள் விஜயா ஊர்ல இருந்து பாப்போம். அதுக்கப்பறம் ஒங்க இஷ்டம்" என்றாள் சாந்தி. சரியென்று தலையாட்டினேன்.

ஆரப்பாளையத்தில் காலை ஆறரைக்குப் பஸ். தேனிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரம், ஆளுக்கு எழுபத்தைந்து ரூபாய் ஆனது. வழியில் என்னென்ன பார்த்தேன் என்றால், செக்கானூரணி வரை பார்த்தேன். அப்புறம் தேனி வந்துவிட்டது. "உங்கள் பயணக் கட்டுரைகளில் சாப்பாடு இருக்கிறது, லாட்ஜ் இருக்கிறது, சாலையை மட்டும் காணோமே" என்று வாசகர் ஒருவர் முன்பு கேட்டிருந்தார். காரணம் இதுதான் சார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். தேனியிலிருந்து கம்பம் நாற்பது கிலோமீட்டர், அதையும் தூங்கியே கடந்தேன். கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்கு ஆட்டோ, இருநூறு ரூபாய். ஆட்டோ போட்ட குலுக்கலில்தான் இருபுறமும் திராட்சைப் பந்தல்கள் கண்ணில் பட்டன.

விஜயா நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு, முன்னறைக் கட்டிலில் மெஷினை மாட்டிக்கொண்டு சாய்ந்தேன். பிளக் பாயின்ட் அங்கேதான் இருந்தது. கதவு திறந்து கிடந்தது. உறைமோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா என் மூஞ்சியில் இருந்த குழாயைப் பார்த்தார். "ஆத்தாடீ!" என்றவர், மோர்க் கிண்ணத்தை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிப்போனார்.

நாலு மணிக்குள், விஜயாவின் மச்சானுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள் என்று தெரு முழுக்கச் செய்தி. ஹார்லிக்ஸ் பாட்டில், ரொட்டி, ஆரஞ்சுப் பழத்தோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்த ஓர் அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு, "கல்லுக்குண்டாட்டம் இருந்த மனுசனை இப்படியா பாக்கணும்? டாக்டரு என்ன கெடு சொன்னாக?" என்று மூக்கைச் சிந்தினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எழுந்து ஓடியே காட்டியிருப்பேன்.

விஜயாவின் கணவர், என் சகலை செல்வம், திராட்சைத் தோட்டக்காரர். இப்படி ஒரு கூட்டம் கிடைத்தால் விடுகிற ஆளா? "ஆக்சிஜனும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் காத்து! சகல, மாட்டிக் காட்டுங்க. இங்கன வந்து கைய வச்சுப் பாருங்க, பேச்சியக்கா" என்றார்.

பேச்சியம்மா மாஸ்க்கின் ஓட்டைப் பக்கம் பயந்து பயந்து உள்ளங்கையை நீட்டினார். "யாத்தே, ஆடிக் காத்தப் பிடிச்சுல்ல டப்பாவுக்குள்ள அடைச்சு வச்சிருக்காக!" என்றார். கூடம் சிரித்தது.

"ஏலே செல்வம், இதுல எம்புட்டு மோட்டாரு? அரை எச்பி இருக்குமா?" என்றார் ஒரு பெரியவர். தோட்டத்துக்கு மருந்தடிக்க ஆகுமா என்றும் கேட்டார்.

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். மூக்கு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தால் காற்று முழுக்க வாய் வழியாகப் பீறிடும். வார்த்தைக்குப் பதில் புஸ்ஸென்று சத்தம்தான் வந்தது. அதற்கும் சிரித்தார்கள். அதன்பின் நான் வாயை இறுக மூடிக்கொண்டேன், பேச்செல்லாம் சகலைதான். ஒரு கூட்டம் போனால் கழற்றுவேன், அடுத்தது வந்தால் மாட்டுவேன். ஆறு மணிக்குத் தோட்ட வேலை முடிந்து பெண்கள் மொத்தமாக வந்தார்கள். அவர்களில் ஒருத்தி, குறட்டை விடும் தன் புருஷனை நடித்துக் காட்டினாள். அடேயப்பா, என்ன நடிப்பு! வயிறு குலுங்க, வாயைத் திறக்க முடியாமல், மூக்காலேயே சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போனதும் சாந்தி மெஷினைக் குனிந்து பார்த்தாள். "ஏங்க, நம்பரப் பாத்தீகளா?" என்றாள்.

பன்னிரண்டு.

"அது பன்னெண்டுக்கு வந்து முக்கா மணி நேரமாச்சு. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். சொன்னா பயந்துருவீகன்னு சொல்லல" என்றாள். நான் மூச்சு விட்டுப் பார்த்தேன். போனது. மறுபடி விட்டேன். அதே காற்று, அதே மூக்கு. வரும் வரும் என்று காத்துக் கிடந்தபோது என்னைக் கொன்ற நம்பர், கவனிக்க ஆளில்லாதபோது பூனை மாதிரி வந்து உட்கார்ந்திருக்கிறது.

அன்றைக்குத் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் படுத்தேன். கண் விழித்தபோது விடிந்திருந்தது. தலைவலி இல்லை. தலைவலி இல்லாத காலை ஒன்று உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வெளியே சாரல். கொடிப் பந்தலின் ஒவ்வோர் இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணாடி போட்டிருக்கிறோமா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சாந்தியின் கண்கள் சிவந்திருந்தன. "நீங்க நல்லாத் தூங்குனீக. சத்தமே இல்ல. சத்தம் இல்லைன்னா எனக்குப் பயமா இருக்காதா? தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே விடிஞ்சுபோச்சு" என்றாள்.

சனிக்கிழமை ஒன்பதேகாலுக்குக் கம்பத்தில் குமுளி பஸ் ஏறினோம். இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். குமுளியில் ஏலக்காய் வாங்குவது, மதியம் மீன் சாப்பிடுவது என்று திட்டம். கூடலூர் வந்தது. நான் விழித்திருந்தேன்! நடவு முடிந்த வயல்கள், அதற்கு மேல் தென்னை, அதற்கும் மேல் மூன்று பக்கமும் மலை. இத்தனை பெரிய பச்சைக்கு நடுவே எத்தனை முறை வாயைப் பிளந்து தூங்கியபடி போயிருக்கிறேன்!

லோயர் கேம்ப்பில் மலை உச்சியிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்தேன். மலைக்கு அந்தப்புறத்துத் தண்ணீர் அதற்குள் விழுந்து, மின்சாரமாகி, மிச்சம் கால்வாயாகி, நான் கடந்து வந்த வயலுக்கெல்லாம் போகிறது. டாக்டர் எழுதித் தந்த பன்னிரண்டு என்பது பன்னிரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் தரும் அழுத்தம், அவ்வளவுதான். ஒரு டம்ளர் உயரம். அந்த டம்ளருக்கா நான் தோற்று ஓடப் பார்த்தேன்? இங்கே ஒரு மலை உயரத்துத் தண்ணீர் நின்று இறங்குகிறது. என் கை தானாகக் கும்பிட்டுவிட்டது, பக்கத்தில் இருந்தவர் கோயில் எங்கே என்று எட்டிப் பார்த்தார்.

பஸ் வளைந்து வளைந்து ஏறியது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து, மேகத்தின் நிழல் ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருந்தது. "சாந்தி, இங்க பாரு" என்று திரும்பினேன். என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். லேசாகக் குறட்டைகூட.

குமுளியில் எல்லாரும் இறங்கினார்கள். கண்டக்டர் வந்து, "அண்ணே, எறங்கலையா?" என்றார்.

"திரும்ப எப்பக் கெளம்பும்?"

"பத்து நிமிசத்துல."

"ரெண்டு கம்பம் குடுங்க."

அவர் சாந்தியைப் பார்த்தார். "மதினிக்கு முடியலையா?"

"இல்லங்க. தூங்குறா."

அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "ஏலே, சத்தம் போடாம ஏறுங்கப்பா" என்று வாசலில் நின்றவர்களிடம் சொன்னார்.

பஸ் மலை இறங்கும்போது உங்களுக்கான குறிப்புகளை மனதில் எழுதிக்கொண்டேன். மெஷினோடு வருகிறவர்கள் ஆறடி வயராவது உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவாருங்கள். காற்றை ஈரப்படுத்த மெஷினில் இருக்கும் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள். பழைய மாடல் மெஷினில் மலை உயரத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கலாம், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அழுத்தத்தை நீங்களாகக் குறைக்காதீர்கள். பகலில், நாலு பேர் பேசிச் சிரிக்கிற இடத்தில் மாட்டிப் பழகுங்கள். குமுளியில் என்ன பார்க்கலாம் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

லோயர் கேம்ப்பில் பஸ் நின்றபோது சாந்தி பாதிக் கண் திறந்து வெளியே பார்த்தாள். "லோயர் கேம்ப்பா? இன்னும் மல ஏறலையா?"

"இன்னும் இல்ல. நீ தூங்கு" என்றேன்.