கெட்டிமேளம் கொட்டிய கழிப்பறை

சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் மெஸ் நடத்துகிறேன். என் சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி கேட்கிற மாணவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். பக்கத்துக் கட்டடம் ஒரு லாட்ஜ். அதன் மாடியில் ஓர் அறையில் என் தம்பியைக் குடிவைத்திருந்தேன். மாடிக்கெல்லாம் பொதுவாக ஒரே கழிப்பறை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். முகம் சுளிப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை.

தம்பி திருப்பாதிரிப்புலியூரில் பைக்கிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டவன். வலிக்கு மாத்திரை போட்டான். வலி போயிற்று, மாத்திரை போகவில்லை. பிறகு அதையே கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளப் பழகினான். கடலூரில் ஒரு சிகிச்சை மையத்தில் சேர்த்து, ஆளாக்கி, அழைத்துக்கொண்டு கிளம்பும்போது அங்கிருந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இனிமேதான்மா ஜாஸ்தி பயம். ஒடம்புக்குப் பழைய பழக்கம் விட்டுப்போச்சி. மறுபடி பழைய அளவு போட்டா மூச்சு நின்னுடும். பாத்ரூம்ல தாப்பா போட்டுட்டுத் தனியா செத்துப்போறவுங்கதான் நெறைய," என்றார்.

பஸ் சிதம்பரம் வந்து சேருகிறவரை அந்தத் தாழ்ப்பாள்தான் என் கண்ணில் நின்றது. பக்கத்தில் அவன் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு வந்தான், பாவி.

எங்கள் வீட்டுக்காரர் வயரிங் வேலை செய்பவர். என் மிக்சியைப் பிரித்துப் போட்டு மாதக்கணக்கில் அதன் முகத்தையே பார்க்காதவர். மச்சான் உயிர் என்றதும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பெட்டி செய்துவிட்டார். கழிப்பறைக் கூரையில் மாட்டி, அதன் ஸ்விட்சைக் கதவுக்கு வெளியே வைத்தார். கதவு சாத்திய பிறகு உள்ளே இருப்பவர் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால், பெட்டிக்குள் இருக்கும் சிம் எங்கள் எல்லோர் போனுக்கும் அழைக்கும். நாங்கள் இரண்டு பேர், லாட்ஜ் முதலாளி, எங்கள் பின்கட்டில் குடியிருக்கும் நர்ஸ், தெருமுனை ஆட்டோக்காரர்கள். அந்த அழைப்புக்கென்று தனி ரிங்டோனும் வைத்தார். கெட்டிமேளம்!

"யோவ், உசுரு போற விஷயத்துக்கு வைக்கிற சத்தமாய்யா இது?" என்றேன்.

"கல்யாணத்துல தூங்கிக்கிட்டிருக்கிறவன்கூட கெட்டிமேளம் கேட்டா எழுந்து அட்சதை போடுவான். வேற எந்த சத்தத்துக்கு நம்ம ஆளுங்க எழுந்திருப்பாங்க, சொல்லு?"



லாட்ஜ் முதலாளியைத் தெருவே மாமா என்றுதான் கூப்பிடும். "என் லாட்ஜுல மெஷினு கிஷினுல்லாம் வாணாம்," என்று முறுக்கினார். "சரி மாமா, நாளையிலேந்து பொங்கல வேற எங்கியாவது பாத்துக்குங்க," என்றேன். அன்று சாயந்திரமே ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். தம்பிக்கு அடிக்கடி மயக்கம் வரும் என்று தெருவில் சொல்லிவைத்தேன். எல்லோரும் உச்சுக் கொட்டி நம்பினார்கள். உண்மை என்னவென்று ஒருவருக்கும் தெரியாமல் இல்லை.

நர்ஸ் எங்களுக்கு மூச்சு கொடுக்கக் கற்றுக்கொடுத்தாள். மோவாயைத் தூக்கு, மூக்கைப் பிடி, வாயில் வாய் வைத்து ஊது. தலையணையைக் கிடத்தி மாமாவை ஊதச் சொன்னாள்.

"தலகாணிக்கு மூக்கு எங்கம்மா இருக்குது?"

"இருக்கறதா நெனச்சிக்குங்க மாமா. அடுப்பு ஊதுற மாதிரி ஊதாதீங்க. நெஞ்சு ஏறுதான்னு பாருங்க."

சிரித்துச் சிரித்து எங்களுக்கெல்லாம் வயிறு வலித்தது.

முதல் கெட்டிமேளம் ஒரு காலை நேரத்தில் கொட்டியது. நான் கரண்டியோடு ஓடினேன், வீட்டுக்காரர் கடப்பாரையோடு ஓடினார். கதவு பெயர்ந்து விழுந்தது. உள்ளே மாமா, ஒரு கையில் மக்கு, ஒரு கையில் போன், போனில் கிரிக்கெட். கடைசி ஓவராம், அதனால்தான் தன் போனுக்கு வந்த கெட்டிமேளத்தையும் கட் பண்ணிவிட்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"எவன்டா அவன்! மனுசன் நிம்மதியா ஒக்கார முடியலியா இந்த ஊர்ல?"

தம்பி மாடிப்படியில் உருண்டு உருண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று!

மாமா ஒரு உதையில் திறக்கிற மாதிரி லேசான தாழ்ப்பாள் வைத்தார். அசையாமல் உட்காரும் வழக்கத்தை மட்டும் விடவில்லை. கெட்டிமேளம் மறுபடியும் மறுபடியும் கொட்டியது. ஒவ்வொரு தடவையும் மாமாதான். இப்படியே போனால் புலி வருது கதையாகிவிடும், நிஜமாக வரும்போது ஒரு நாயும் எட்டிப்பார்க்காது என்று நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். ஆனால் எங்கள் தெருவை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. கூட்டம் குறையவே இல்லை, ஏறியது. மாமா இன்றைக்கு எந்தக் கோலத்தில் இருப்பார் என்று பார்க்கவே, அழைப்பு வராதவர்கள்கூட வர ஆரம்பித்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவருவார். "வேடிக்கைன்னா வாயத் தொறந்துகினு வந்துடுதுங்க," என்று நான் திட்டாத நாளில்லை.

அன்றும் கொட்டியது. டிபன் கூட்டம் ஓய்கிற நேரம். இந்த மாமாவுக்கு வேறு வேலை இல்லை என்று முணுமுணுத்தபடி தோசையைத் திருப்பிப் போட்டேன். நிமிர்ந்தால், எதிரே மாமா வாய் நிறையப் பொங்கலோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் சட்டைப்பையிலும் கெட்டிமேளம் கொட்டுகிறது.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அப்படியானால் உள்ளே யார்?

நான் படியேறி முடிப்பதற்குள் மேலே ஒரு கும்பலே நின்றது. வீடியோ எடுக்கப் போனோடு வந்திருந்த ஆட்டோக்காரர்தான் கதவை உதைத்துத் திறந்திருந்தார். தம்பி சுவரோடு சரிந்து கிடந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. காலடியில் ஊசி. நான் "ஐயோ" என்று கத்தினேனே தவிர, கற்றுக்கொண்டது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நர்ஸ் டூட்டிக்குப் போயிருந்தாள்.

என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவர் மாமா. வாயிலிருந்த பொங்கலைத் துப்பினார், அவனை வெளியே இழுத்துப் போட்டார், மோவாயைத் தூக்கினார், மூக்கைப் பிடித்தார், ஊதினார். "நெஞ்சு ஏறுதாடா? பாருங்கடா!" என்று நடுநடுவே கத்தினார். "ஏறுது மாமா, ஏறுது," என்று கும்பலே கத்தியது. ஆட்டோக்காரர் வீடியோவை விட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஜெராக்ஸ் கடைக்காரர் அதற்கு வழிகாட்ட ரோட்டுக்கு ஓடினார். ஆம்புலன்ஸ் வருகிறவரை மாமா ஊதுவதை நிறுத்தவே இல்லை.

ஆஸ்பத்திரியில் மாற்று மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் கண் விழித்தான். மறுபடி மயங்காமல் இருக்கிறானா என்று பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, வாயெல்லாம் ஒரே மொளகு வாசனையா இருக்குது," என்றான்.

"லாட்ஜ் மாமாவக் கேளு, சொல்லுவாரு. ஏன்டா, அந்தப் பொட்டி எதுக்குன்னு தெரியுமா தெரியாதா ஒனக்கு?"

"ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாதா? போட்டுக்கறப்பல்லாம் வெளியில இருக்கற பொட்டி ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணிட்டுத்தான் உள்ள போவேன்."

போட்டுக்கறப்பல்லாம்! அப்படியானால் இத்தனை நாளும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை ஓங்கிவிட்டேன்.

"அப்ப இன்னிக்கி ஏன்டா ஆஃப் பண்ணல?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இன்னிக்கி ஜாஸ்தியா கரைச்சிட்டேன்க்கா. பயமா இருந்திச்சி. யாராச்சும் வருவாங்கன்னு விட்டுட்டேன்."

ஓங்கிய கையால் அவன் தலையை இழுத்து என் வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். வார்டே திரும்பி வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.