கயிறு எட்டாத கண்டக்டர்

கலியாணசுந்தரத்துக்குச் சிரிப்பு வராது. மனசில் வரும், முகத்துக்கு வந்து சேராது. அவன் அப்பா நல்லையாவுக்கும் அப்படித்தான். அத்தை சிவகாமசுந்தரிக்கோ முப்பது வயசிலேயே கொண்டை போடக் கை எட்டவில்லை. நல்லையா பெண்டாட்டிதான் போட்டுவிடுவாள். அவர்கள் குடியிருந்த கஜா பேராங் வட்டாரத்தில் இதற்கெல்லாம் ஒரே பேர், பரம்பரைத் திமிர்.

இப்போது டாக்டர்கள் வேறு சொல்கிறார்கள். உடம்பில் ஒரு மரபணு உண்டாம். எழும்பக்கூடாத மற்ற மரபணுக்களைத் தூங்கவைப்பது அது உண்டாக்கும் புரதத்தின் வேலையாம். அந்த வீட்டில் அது பழுது. எழும்பக்கூடாதது எழும்பி முகத்துச் சதையையும் தோள் சதையையும் தின்றுகொண்டே வந்தது. மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த ஐம்பத்தேழில் இது யாருக்குத் தெரியும்?

அந்த வருஷம் அவன் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். தலைக்கு மேலே ஓடும் மணிக்கயிற்றை இழுக்கக் கை ஏறாது. பஸ்ஸின் தகரத்தைத் தட்டுவான். டிரைவர் மாணிக்கவாசகம் தெரிந்துகொண்டு வண்டியை எடுப்பார். வேலை போனால், பஸ் கொட்டகைக்குப் பின்னால் கம்பெனி கொடுத்த அறையும் போகும். அவன் மனைவி பூங்காவனத்துக்கு நிறைமாதம்.

ஒருநாள் செக்கர் இராமலிங்கம் ஏறினார்.

"தகரத்தத் தட்டுறியாமே. இது என்னா ரப்பர் பால் ஏத்துற கித்தாக் காட்டு லோரியா? மணிய அடி, பாப்போம்."

இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி மேலே தள்ளினான். உடம்பையே சாய்த்துப் பார்த்தான். காதுவரை போன கை தொப்பென்று விழுந்தது.

கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த கஜா பேராங் பொன்னம்மா சிரித்தாள். "பெரிய எடத்துக் கை சார் அது. மேல போவாது."

"கை வரலங்க சார். பொஞ்சாதி மாசமா இருக்கா, பாத்து செய்யுங்க." உதடு சரியாகக் கூடாமல் சொல் குழறியது.

"குடிச்சிருக்கியா?"

"சத்தியமா இல்லங்க."

"கெஞ்சுற மூஞ்சியா இது? மொறைக்கிற."

கெஞ்சத்தான் பார்த்தான். புருவத்தைச் சுருக்க, வாயைக் கோணிக்கொள்ள, என்னென்னவோ செய்தான். எதுவும் அசையவில்லை.

"பையக் குடு. நாளையிலேர்ந்து வராத."

டிக்கெட் பையின் வார் தோளின் குறுக்கே கிடந்தது. அதைத் தலைக்கு மேலே தூக்கித்தான் கழற்றவேண்டும். காலையில் பூங்காவனம்தான் அதை மாட்டிவிட்டிருந்தாள். வாரைப் பிடித்துக்கொண்டு அவன் அப்படியே நின்றான்.

"குடுக்க மாட்டியா?"

மாணிக்கவாசகம் இஞ்சினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். "குனி தம்பி," என்றார். குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல் வாரைத் தலை வழியாக எடுத்தார். பொன்னம்மா கூடையைப் பார்த்துக்கொண்டாள்.

இராமலிங்கமும் பார்த்தார். பார்த்தும் பையை வாங்கிக்கொண்டார்.

ஜாலான் துக்காங் எமாஸ் தெரு முனையில் அவன் இறங்கினான். வீட்டுப்பக்கம் கால் போகவில்லை.