அம்மா போட்ட முடிச்சு

இடது கணுக்காலில் ஓர் அரிப்பு. வேர்வைக் காலத்தில்தான் வரும். பஞ்சுப் பிசிறும் தறி நூலுக்குப் போடும் பாவுக் கஞ்சியின் புளித்த வாடையுமாக ஒரு கயிறு அங்கே சுற்றிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். குனிந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. சேலம் அஸ்தம்பட்டியில் மாடி வீடு கட்டி, பள்ளிபாளையத்தில் இருபத்துநாலு தறிக்குச் சொந்தக்காரியாக இருக்கிற அறுபத்திரண்டு வயதுக்காரிக்கு, இல்லாத கயிறு எப்படி அரிக்கும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

எனக்கு அப்போது நாலு வயதிருக்கும். ஆற்றுப் பக்கமாக இறங்கும் சந்தில் ஒரு "பட்டறை". பதினாறு விசைத்தறிகள் ஓடிய நீளமான ஓட்டுக் கட்டடம். அம்மா அங்கே இரண்டு தறி ஓட்டினாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகளை அம்மாக்காரிகள் வேலைக்கே தூக்கி வந்துவிடுவார்கள். நூலுக்குள் குறுக்கே பாய்கிற நாடாக்கட்டையிடமோ சுற்றுகிற பெல்ட்டிடமோ பிள்ளை போய்விடக் கூடாது என்று, அறுந்த பாவு நூலை முறுக்கிக் கயிறாக்கி, ஒரு முனையைத் தூணிலும் மறு முனையைப் பிள்ளையின் காலிலும் கட்டுவார்கள். எங்களுக்குப் பெயரே "தூண் புள்ளைங்க". தூணுக்கு ஒருத்தராக உட்கார்ந்து, நூல் தீர்ந்த தார்க்கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டுவோம், தறியின் அதிர்வில் அது தானே சரியும், மறுபடி கட்டுவோம். அங்கேயே தூங்குவேன். சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் அப்படித்தான் விழித்தேன். பதினாறு தறியும் நின்றிருந்தன. கரண்டு போகவில்லை, தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஆள் ஒருத்தரும் இல்லை. மற்றத் தூண்களில் கயிறு மட்டும் கிடந்தது, பிள்ளைகளைக் காணோம். பிறந்ததிலிருந்து சத்தத்திலேயே வளர்ந்தவளுக்கு அந்த அமைதியைப் போலப் பயங்கரம் வேறில்லை. கத்தினேன், என் குரலே ஓட்டில் மோதித் திரும்பி வந்தது, அதற்கும் பயந்து வாயை மூடிக்கொண்டேன். உட்கார்ந்த இடத்திலேயே பாவாடை நனைந்துவிட்டது. ஜன்னல் வழியாக விழுந்த வெயில் எதிர்ச் சுவரில் ஏறி ஏறி மறைகிற நேரத்துக்கு அம்மா வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. முழங்கால் வரைக்கும் சேறு. தொண்டை கட்டியிருந்தது. வாசலில் நின்று என்னைப் பார்த்தவள், அப்படியே நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

என்ன நடந்தது என்று வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன். பட்டறைப் பெண்கள் எல்லாரும் தறியை நிறுத்திவிட்டு முதலாளி வீட்டு வாசலுக்குப் போயிருக்கிறார்கள். முன்னால் போய்ப் பேசியவள் என் அம்மா. கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைகளை விட்டுவைக்க ஓர் இடமும், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும். பிள்ளையைத் தூணில் கட்டிவிட்டுப் போய், பிள்ளைகளைத் தூணில் கட்டக் கூடாது என்று பேசியிருக்கிறாள்! இடமும் கிடைத்தது. பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் நாலு தூளி, பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. அடுத்த வருஷம் பிறந்த என் தம்பி அதில் ராஜா மாதிரி ஆடினான். தம்பிக்குத் தூளி, எனக்குத் தூண். ஊர் முழுக்க அம்மாவுக்குச் "சங்கத்துக்காரி" என்று பெயர். என்னை "சங்கத்துக்காரி மகளா" என்று யாராவது கேட்டால், "எனக்குன்னு ஒரு பேர் இருக்கு" என்று பதில் சொல்லுவேன். அப்போதே அப்படி ஒரு திமிர்.

திமிரும் வீண் போகவில்லை. எட்டு வயதில் தார்க்கட்டையில் நூல் சுற்றினேன், பதினாறில் தறி ஓட்டினேன், முப்பதில் பழைய தறி இரண்டு வாங்கிப் போட்டேன், பிறகு நடந்ததை எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். பஸ் போர்டிலும் லாரி முகப்பிலும் எழுத்துக் கூட்டிப் படித்தே தமிழ் கற்றவள் என்று என்னைப் பள்ளிக்கூட விழாக்களுக்குக் கூப்பிடுகிறார்கள். எல்லா மேடையிலும் ஒரே பேச்சுத்தான்: "பெத்தவளே என்னைத் தூணில் கட்டிப் போட்டாள், அந்தக் கயிற்றை நானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தேன்." கைதட்டு விழாத ஊர் கிடையாது. அம்மா தம்பி வீட்டில், பள்ளிபாளையத்திலேயே இருக்கிறாள். தீபாவளிக்குச் சேலை, பொங்கலுக்குச் சேலை, எதிலும் நான் குறை வைத்ததில்லை. போனால் அரை மணி நேரம். அன்றைக்கு ஏன் என்னைக் கட்டிப் போட்டுவிட்டுப் போனாய் என்ற கேள்வியை மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போதெல்லாம் விழாக்களில் பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுக்கிறார்கள். நானும் வாங்கி வாங்கி அலமாரியில் நிறுத்தியிருந்தேன், ஒன்றையும் பிரித்ததில்லை. போன தை மாதம் முழங்கால் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது, டிவியும் புளித்துப்போன ஒரு பகலில், அவற்றில் ஒன்றை எடுத்தேன். எடுத்ததற்குக் காரணம் அட்டைப் படம். அமெரிக்காவில் இருந்த ஒரு கறுப்பினப் பெண்மணி. அகல நெற்றி, அடங்காத முடி, யார் என்ன சொன்னாலும் கேட்கப் போவதில்லை என்கிற தாடை. அப்படியே என் அம்மா. அவர் பெயர் என் வாயில் நுழையவில்லை, எழுதினாலும் தப்பாக எழுதிவிடுவேன், அதனால் விட்டுவிடுகிறேன்.

கதை எழுதுகிறவர், பிள்ளை பெற்றவர், தன் சனங்களுக்காகத் தெருவில் இறங்கியவர். மூன்றையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு பட்ட பாட்டைத் தானே எழுதியிருக்கிறார், யாரோ நல்ல தமிழில் மாற்றியிருக்கிறார்கள். விரல் வைத்து வைத்துப் பதினெட்டு நாளில் முடித்தேன். முழுசாகப் படித்த முதல் புத்தகம்! தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அக்கா புத்தகம் படிக்குதா? காவேரி மேக்க பாயுதான்னு எதுக்கும் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றான்.

அதில் ஒரு இடம். ஊர்வலத்துக்குப் போகிற அவசரத்தில் அந்த அம்மா தன் சின்ன மகளைத் தெரிந்தவர்கள் வீட்டில் விட்டுப் போகிறார். போலீஸ் பிடித்துக்கொள்கிறது, மறுநாள்தான் விடுகிறது. திரும்பி வந்தால் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், நாலு நாள் பேசவில்லை. அந்த மகள் வளர்ந்து பெரியவள் ஆன பிறகும், அன்றைக்கு நடந்ததைப் பற்றி அவளிடம் கேட்கத் தனக்குத் தைரியம் வரவில்லை என்று எழுதுகிறார். போலீசுக்குப் பயப்படாதவர், நீதிபதிக்குப் பயப்படாதவர், பெற்ற மகளுக்குப் பயந்திருக்கிறார்.

புத்தகத்தை மார்பின் மேல் கவிழ்த்துவிட்டேன். கேட்காமல் இருப்பது நான் மட்டும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவள் போய்விட்டால் அந்தச் சிரிப்பு மட்டும்தானே என்னிடம் மிஞ்சும்?

கோலை ஊன்றிக்கொண்டு பள்ளிபாளையம் போனேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தேன், காது கொஞ்சம் மந்தம். மொச்சை உரிக்கிற கை நடுவில் நின்றது.

"இது ஆரு சாமி, நம்ம சங்கத்துப் பொம்பளையா?"

"அமெரிக்காக்காரிம்மா."

"அங்கயும் இதே பாடுதானா" என்றாள். பிறகு, என்னைப் பார்க்காமலே, "கேளு" என்றாள்.

கேட்டேன். "ஏம்மா என்னியக் கட்டிப் போட்டுட்டுப் போன? எல்லாப் புள்ளையும் போயிருச்சு, நான் ஒருத்திதான இருந்தேன்."

"உன்னிய இடுப்புல வெச்சுட்டுப் போனா, புள்ளையப் பாக்க ஆளில்லாதவ எதுக்கு வேலைக்கு வாரேன்னு ஒரே பேச்சுல மொதலாளி மடக்கிருவாரு. அதான் உட்டுட்டுப் போனேன். ஆனாக் கட்டிப் போட்டன்னு சொல்லாத. அது இறுக்கற முடிச்சா? பஞ்சு கெடக்கற எடம், பட்டறை பத்திக்கிச்சுன்னா புள்ளை ஓட வேண்டாமா? வாலப் புடிச்சு இழுத்தா அவுந்துக்கற முடிச்சுத்தான் அத்தனை பேரும் போடுவோம். மத்ததுக எல்லாம் அவுத்துட்டு ஓடிப்போச்சு. நீயும் அவுப்ப. தெனமும் நாலு தடவை அவுத்துட்டு வந்து எங்கிட்ட அடி வாங்குவ."

மற்றத் தூண்களில் வெறும் கயிறு கிடந்தது எனக்குக் கண்ணில் நின்றது.

"அப்பறம் அன்னிக்கு மட்டும் நான் ஏன் அவுக்கல?"

"அன்னிக்குக் காலையில உங்கிட்டச் சொன்னேன். இன்னிக்கு ஒரு நா மட்டும் அவுக்காம இரு சாமி, அம்மா வந்து அவுக்கறேன்னு. நீ கேப்பேன்னு நான் கண்டனா? பொறந்ததுல இருந்து ஒரு சொல்லுக் கேட்டிருக்கறயா நீ? எப்படியும் அவுத்துட்டு ஊட்டுக்குப் போயிருப்பேன்னு ஊட்டுக்கு ஓடுனேன், காணோம். ஆத்துல ஆடித் தண்ணி போவுது. கரை முச்சூடும் சேத்துல உளுந்து எந்திரிச்சுத் தேடுனேன். போச்சு, சங்கம் பேசப் போயி புள்ளைய ஆத்துக்குக் குடுத்துட்டேன்னு அழுதுட்டே பட்டறைக்கு வந்தா..." அம்மா மொச்சைத் தட்டைத் தள்ளி வைத்தாள். "கட்டுன எடத்துலயே உக்காந்திருக்கற. சொன்ன சொல்லக் கேட்டு! சிரிக்காம என்ன பண்ணுவேன்?"

எனக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. நெஞ்சில் தறி மாதிரி அடித்துக்கொண்டிருந்த ஒன்று நின்றது. இந்த முறை அந்த அமைதி பயமுறுத்தவில்லை.

"இத்தனை வருசமா ஏம்மா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? வந்தாக் கால்மேல காலப் போட்டு உன்ற பெருமையப் பேசற, எந்திரிச்சுப் போயர்ற. நடுவுல பேச எடம் உட்டியா?"

அன்றைக்கு அரை மணி நேரத்தில் கிளம்பவில்லை. மொச்சைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, அவள் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டேன்.

அந்தப் பட்டறை இப்போது இல்லை. அந்த இடத்தில் டைல்ஸ் கடை. தகரக் கொட்டகை, தூளி, ஆயா, ஒன்றும் இல்லை. என் பட்டறையில் ஒரு தனி அறை பிள்ளைகளுக்கு உண்டு, தூண் பக்கம் எந்தப் பிள்ளையும் வராது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்கும்தான். கணுக்கால் அரிப்பு மட்டும் போகவில்லை. வேர்க்குரு என்று டாக்டர் களிம்பு கொடுத்திருக்கிறார்.

பெரிய நஷ்டம் என் மேடைப் பேச்சுத்தான். அறுத்துக்கொண்டு வந்த கயிறு என்று ஒன்று இல்லவே இல்லையே, இனி எதைச் சொல்லிக் கைதட்டு வாங்குவது? நாமக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அடுத்த மாதம் கூப்பிட்டிருக்கிறார்கள். நீயும் வந்து பேசும்மா, அந்தக் கதையை நீயே சொல்லு என்று போனில் கேட்டேன்.

"என்ன குடுப்பாங்க சாமி? பொன்னாடைன்னா வாரேன். புத்தகம்னா அதையும் நீதான் எனக்குப் படிச்சுக் காட்டோணும்."