வெயிலுக்குப் போட்ட ஷால்

போன வருடம், பினாங்கில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம். ஒரு சனிக்கிழமை மதியம், ஜெலுத்தோங்கிலிருந்து ஜார்ஜ்டவுனில் நடந்த ஒரு பிறந்தநாள் விருந்துக்கு நானும், பள்ளியில் படிவம் நான்கில் படிக்கும் என் மகளும் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம்.

இங்கே மோட்டாரில் போகிற பாதிப் பேர் முழுக்கை ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொள்வார்கள். கை கருக்காது, முதுகில் காற்று வரும். மகளும் அதைத்தான் எடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“விருந்துக்குப் போறியா, சாமான் ஏத்தப் போறியா?” என்று பிடுங்கி வைத்துவிட்டு, புதிதாக வாங்கிய மெல்லிய நீள ஷாலைக் கழுத்தில் சுற்றிவிட்டேன். கையில்லாத பருத்திக் குர்த்திக்கு அது அவ்வளவு எடுப்பாக இருந்தது.

பெரிய சாலையில் ஏறியதும் பின்னால் ஒரு மோட்டார் விடாமல் ஹார்ன் அடித்தது. கண்ணாடியில் பார்த்தேன். முன்பின்னாகப் போட்ட கறுப்பு ஜாக்கெட், முகம் தெரியாத ஹெல்மெட். கையை நீட்டி நீட்டிக் காட்டினான். கைப்பையைப் பறிப்பவன்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். பையை இடுக்கிக்கொண்டு வேகத்தைக் கூட்டினேன். அவனும் கூட்டினான்.

“அம்மா...” என்றாள் மகள். அப்புறம் சத்தமில்லை. என் தோளைப் பிறாண்டினாள். பயந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அதற்குள் அவன் எங்களை முந்தி, குறுக்கே வந்து நின்றான். நான் பிரேக்கை அழுத்தி, “தோலோங்! தோலோங்!” என்று உதவிக்குக் கத்தினேன். ஓடி வந்தவனைக் கைப்பையாலேயே அடித்தேன். அவன் என்னைக் கண்டுகொள்ளாமல் மகளிடம் போனான். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். ஷாலின் நுனி பின்சக்கரத்தில் சுற்றியிருந்தது. மீதி அவள் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. முகம் கன்றிப்போய், வாய் மட்டும் அசைந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

“அக்கா, மோட்டார பின்னால தள்ளுங்க! சீக்கிரம் லா!”

அவர் ஒரு கையால் அவளைத் தாங்கிக்கொள்ள, இருவருமாகப் பின்னுக்கு உருட்டினோம். சக்கரம் திரும்பத் திரும்ப ஷால் தளர்ந்தது. மகள் இருமினாள். அந்த இருமலைக் கேட்டதும் நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். வேர்த்து வழிந்த சின்ன வயது முகம்.

“எவ்ளோ நேரம் ஹார்ன் அடிச்சேன்கா... நீங்க ஓடிக்கிட்டே இருக்கீங்களே லா.”

நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மகள் இப்போது ஜாக்கெட்டை முன்பின்னாகத்தான் மாட்டுகிறாள். நானே பின்னால் இழுத்துச் சரிசெய்துவிடுகிறேன். இன்றும் பின்னால் யாராவது ஹார்ன் அடித்தால் நெஞ்சு பதறுகிறது. முன்பெல்லாம் என் கை கைப்பையை இறுக்கிப் பிடிக்கும். இப்போது அது பின்னால் போய் மகளைத் தொட்டுப் பார்க்கிறது.